பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கத்தில் பல் கடிக்கிறாரா? சண்டை வேண்டாம், சாட்சியாக இருங்கள்

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்குத் தான் கடிப்பது தெரியாது. அது தெரிந்தவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரோ மனைவியோதான் அவர். நடுச்சாமத்தில் அம்மியில் கல் அரைபடுவதுபோல் நறநறவென்று சத்தம் கேட்கும். சில விநாடிகளில் நின்றுவிடும். தூக்கம் திரும்பி வரும் நேரத்தில் மறுபடியும் கேட்கும். காலையில் கேட்டால், "நானா? நான் நல்லாத்தானே தூங்கினேன்" என்பார் அவர். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். கணவருக்குக் காலை ஷிப்ட், மனைவிக்கு இரவு ஷிப்ட் என்று வாழும் வீடுகளும் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் படுக்கக் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரமும் இந்தச் சத்தத்தில் உடைந்துபோனால் மறுநாள் வேலையும் கெடுகிறது, வீட்டில் பேச்சும் தடிக்கிறது. குறட்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசும் நாம், பல் கடிப்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

அதற்கு ஒரு காரணம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. கதையிலும் சினிமாவிலும் பல்லை நறநறவென்று கடிப்பவர் கோபக்காரர், வஞ்சம் வைத்திருப்பவர். ஆகவே கணவர் தூக்கத்தில் பல் கடித்தால், "என்மேல்தான் ஏதோ ஆத்திரம்" என்று மனைவி நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. மனைவி கடித்தால் கணவருக்கும் அதே சந்தேகம் வரும். இந்த எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். தூக்கத்தில் பல் கடிப்பது கோபத்தின் வெளிப்பாடு அல்ல. அது தாடைத் தசைகள் தாமாகச் செய்யும் வேலை.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

மருத்துவத்தில் இதற்குப் பிரக்சிசம் என்று பெயர். 1907-ல் பிரான்சு நாட்டு மருத்துவ எழுத்துகளில் இந்தப் பழக்கத்துக்கு முதன்முதலாக ஒரு பெயர் சூட்டப்பட்டது. இன்றைய சொல் அதே கிரேக்க வேரிலிருந்து வந்தது. கனடாவில் நடந்து 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் தூக்கத்தில் பல் கடிப்பதாகத் தெரியவந்தது. சிறு பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். வயது ஏற ஏறக் குறைகிறது. ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை.

இரவு முழுவதும் நாம் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லை. இலேசான தூக்கத்தில் இருக்கும்போது மூளை சில விநாடிகளுக்கு விழிப்பை நோக்கி வந்து, மறுபடியும் தூக்கத்துக்குள் இறங்கிவிடும். எல்லாருக்கும் ஒவ்வோர் இரவிலும் பலமுறை இப்படி நடக்கிறது. அந்தச் சில விநாடிகளில் இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், மூச்சு மாறும், சிலர் புரண்டு படுப்பார்கள். பல் கடிப்பவருக்கு அதே நேரத்தில் தாடைத் தசைகள் இறுகி அசைபோடத் தொடங்குகின்றன.

தாடைத் தசை அசைவது மட்டுமே நோயாகாது. பல் கடிக்காத சாதாரண மனிதர்களிலும் பாதிப் பேருக்கு மேல் தூக்கத்தில் இந்தத் தசைகள் அவ்வப்போது அசைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடிப்பவர்களுக்கு அது அடிக்கடி, அதிகப் பலத்தோடு, பல்லோடு பல் உரசும்படி நடக்கிறது. சிலர் உரசாமல் இறுக்கமாகக் கடித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அதற்குச் சத்தம் வராது. எனவே ஓர் இரவு சத்தம் கேட்கவில்லை என்பதால் அன்று பல் கடிக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

பூச்சி மருந்து கொடுத்தால் போகுமா?

"வயித்துல பூச்சி இருக்கு, அதான் பல்லக் கடிக்கிறான்" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். பூச்சி இருந்தால் பூச்சி மருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பல் கடிப்பதற்கு வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மருந்து குடித்த பிறகும் கடிப்பது தொடர்ந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பல் வரிசை சரியில்லாததால்தான் கடிக்கிறார்கள் என்று பல் மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். இன்று அந்தக் கருத்து பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. இதை நிறுத்துவதற்காக நல்ல பல்லை ராவிச் சமன்படுத்தச் சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் இன்னொரு பல் மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். ராவிய பல் மறுபடியும் வளராது.

ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் எவையெல்லாம் இதைக் கூட்டுகின்றன என்பது ஓரளவு தெரியும். சிகரெட் பிடிப்பவர்களிடம் இது அதிகம். படுப்பதற்கு முன் பீரோ சம்சுவோ குடித்தால் தூக்கம் சீக்கிரம் வருவதுபோல் தோன்றினாலும், நடு இரவில் அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், கடிப்பதும் கூடும். இரவு ஷிப்டில் கண் விழிக்கக் குடிக்கும் கோப்பியும் டின்னில் வரும் சக்திப் பானங்களும் அளவு மீறினால் அதே கதைதான். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருப்பதுண்டு. வயிற்று அமிலம் நெஞ்சுக்கு ஏறி எரிச்சல் தரும் கோளாறு உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது.

சில மருந்துகளும் காரணமாகலாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குப் பல் கடிப்பது ஆரம்பிக்கும். அப்படியானால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். சியாபு போன்ற போதைப்பொருள்களும் தாடையை இறுக்கிப் பல்லை அரைக்க வைக்கும். வீட்டில் இளைஞர் ஒருவர் திடீரென்று பகலிலும் பல்லை அரைத்து, இரவில் தூங்காமலும் இருந்தால், அதட்டுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

கவலைக்கும் இதில் பங்கு உண்டு. கோவிட் தொற்று உலகத்தையே முடக்கிய காலத்துக்குப் பிறகு, 2021-ன் தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. பத்தில் ஏழு பேர், பல் கடிப்பதும் இறுக்குவதும் தங்கள் நோயாளிகளிடம் அதிகரித்திருப்பதாகச் சொன்னார்கள். நம் ஊரிலும் அந்த நாட்களில் ஓவர்டைம் நின்றது, கார் தவணை நிற்கவில்லை. "பல்லைக் கடித்துக்கொண்டு சமாளி" என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சமாளிப்பதைச் சிலரின் தாடை தூக்கத்திலும் தொடர்கிறது. ஆனால் கவலை இல்லாதவர்களும் பல் கடிப்பார்கள். ஆகவே கடிப்பவரைப் பார்த்து, "உனக்கு மனசு சரியில்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பல்லுக்கு என்ன ஆகும்?

எல்லாருக்கும் கெடுதல் வந்துவிடுவதில்லை. பலர் ஆண்டுக்கணக்கில் அவ்வப்போது கடித்தும் பெரிய பாதிப்பு இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

அடிக்கடி, பலமாகக் கடிப்பவரின் நிலை வேறு. விழித்திருக்கும்போது வலித்தால் நிறுத்திக்கொள்வோம். தூக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. விழித்திருக்கும்போது முழுப் பலத்தோடு கடிப்பதையும் மிஞ்சிய விசை தூக்கத்தில் சிலருக்கு வருவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள்தான். ஆனால் தேய்ந்துபோனால் அது திரும்ப வளர்வதில்லை.

முதலில் பல் நுனிகள் தட்டையாகும். பிறகு உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி தெரியும். ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசும். அடைத்த பல்லிலிருந்து அடைப்பு திரும்பத் திரும்ப விழும். ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பல்லின் ஒரு மூலை உடைந்துவிடும். முறுக்கின் மேல் பழி போடுவோம், பல்லில் விரிசல் விழுந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

காலையில் எழுந்ததும் தாடை களைத்திருப்பது, கன்னத்தில் வலி, இரண்டு நெற்றிப்பொட்டிலும் தலைவலி, வாயை அகலத் திறக்கும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், உள்கன்னத்தில் வெள்ளைக் கோடு ஆகியவையும் அறிகுறிகள். தினமும் காலையில் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், இந்தத் தலைவலி தாடையிலிருந்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை பாக்கால் பல் தேய்ந்திருக்கும். கரை படிந்த, தேய்ந்த பல்லைப் பார்த்து, "பாக்கு போட்ட பல்" என்று விட்டுவிடுகிறோம். தேய்மானத்துக்குப் பாக்கும் காரணமாக இருக்கலாம், இரவில் கடிப்பதும் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறியப் பல் மருத்துவருக்குத் துணையின் வாக்குமூலம் உதவும்.

துணை என்ன செய்யலாம்?

பல் கடிப்பதை உறுதியாகக் கண்டறிய, உடலில் ஒயர்களைப் பொருத்தி இரவு முழுவதும் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனை இருக்கிறது. அது எல்லாருக்கும் எளிதில் கிடைக்காது, எல்லாருக்கும் தேவையுமில்லை. நடைமுறையில் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, "கூடப் படுப்பவர் சத்தம் கேட்டிருக்கிறாரா?" என்பதுதான். மருத்துவத்துக்கே முதல் சாட்சி நீங்கள்தான்.

சத்தம் வரும்போது உலுக்கி எழுப்ப வேண்டாம். அன்றைய தூக்கம் இருவருக்கும் கெடுமே தவிர, பழக்கம் போகாது. வாய்க்குள் விரலையோ துணியையோ வைக்கவே கூடாது. விரல் கடிபடும், துணி மூச்சை அடைக்கும். மல்லாந்து படுத்திருந்தால் தோளை மெதுவாகத் தொட்டுப் பக்கவாட்டில் திரும்ப வையுங்கள். குறட்டையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது ஓரளவு பலன் தரும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். எந்த இரவு சத்தம் கேட்டது, ஏறக்குறைய எத்தனை மணிக்கு, குறட்டை இருந்ததா, மூச்சு நின்று திணறியதா, அன்று எந்த ஷிப்ட், படுப்பதற்கு முன் கோப்பி, பீர், சிகரெட் உண்டா, புதிய மாத்திரை ஏதாவது தொடங்கினாரா, காலையில் தலைவலி என்றாரா என்று எழுதினால், வெறும் புகாராக இருந்தது மருத்துவர் பயன்படுத்தக்கூடிய தகவலாக மாறிவிடும்.

கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அவரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்தப் பதிவை மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கும் விஷயமில்லை இது. ஒருமுறை அவமானப்பட்டவர் பிறகு கிளினிக்குக்கு வரவே மாட்டார்.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். நடு இரவில், தூக்கம் போன எரிச்சலில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் முன்னும் மாமியார் முன்னும் வேண்டாம். விடுமுறை நாளில், தேநீர் குடிக்கும் நேரத்தில், "என்னங்க, தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க. காலையில தலை வலிக்குதுன்னு சொல்றதும் அதனாலயா இருக்கலாம். ஒரு தடவ பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்திடலாம், நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். "உங்களால எனக்குத் தூக்கம் போச்சு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் தூக்கமும் முக்கியம். சத்தமான மெஷின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குத் தொழிற்சாலையில் கொடுக்கும் பஞ்சுபோன்ற காது அடைப்பான் மருந்துக்கடையிலும் கிடைக்கும். வீட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை அழுதால் எழுந்திருக்க ஒருவராவது காதை அடைக்காமல் இருக்க வேண்டும். மின்விசிறியின் சீரான ஓசையும் கொஞ்சம் மறைக்கும். மறுநாள் அதிகாலை ஷிப்ட் இருந்தால் அன்று ஹாலில் படுப்பதில் தவறில்லை. தனித்தனியாகப் படுத்தால் உறவினர் என்ன நினைப்பார்கள் என்பதைவிட, இருவரும் நன்றாகத் தூங்கி எழுவதுதான் குடும்பத்துக்கு நல்லது. ஒன்று மட்டும் கவனியுங்கள். தனியாகப் படுத்துவிட்டால் அவருடைய மூச்சைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை. குறிப்பு எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் படுப்பது நல்லது.

பல்லைவிட முக்கியமான ஒன்று: மூச்சு

உங்கள் குறிப்பில் பலத்த குறட்டை, திடீர் அமைதி, பிறகு திணறி மூச்சு வாங்குதல் என்ற மூன்றும் வரிசையாக வந்தால், பிரச்சினை பல்லோடு நிற்கவில்லை. தூக்கத்தில் தொண்டைப் பாதை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிற உறக்க மூச்சுத்தடை நோயாக அது இருக்கலாம். மூச்சு அடைபடும்போது மூளை விழிப்பை நோக்கி வருகிறது. அந்த விழிப்போடு சிலருக்குப் பல் கடிப்பதும் சேர்ந்து வருகிறது.

இந்த நோய் இரத்த அழுத்தத்தையும் இதய நோய் அபாயத்தையும் கூட்டும். எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூக்கம் அசத்தும். லாரி, தொழிற்சாலைப் பஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தூக்கம் உயிருக்கே ஆபத்து. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதிகாலையில் ஸ்டியரிங் பிடிப்பவரின் மனைவி, "அவரு குறட்டை விட்டா நடுவுல மூச்சே நின்னு போகுது" என்று டாக்டரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் பெரிய விபத்தைத் தடுக்கக்கூடும்.

இப்படிப்பட்டவர்கள் பல்லுக்குக் கவசம் செய்துகொள்வதற்கு முன் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அவர் கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். நம் வட்டாரத்தில் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை இருக்கிறது. வரிசையை மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மேல்தாடைக்கு மட்டும் போடும் பல் கவசம், மூச்சுத்தடை உள்ள சிலருக்கு அந்தத் தடையை இன்னும் மோசமாக்குவதாக ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுத்த பிறகு சிலருக்குப் பல் கடிப்பதும் குறைந்துவிடுகிறது.

பல் கிளினிக்கில் என்ன நடக்கும்?

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்கு அடிப்படைக் கட்டணம் மிகக் குறைவு. தாதியிடம் தமிழில் சொல்ல முடியாவிட்டால், "கெர்தாக் கிகி மாசா தீடோர்" என்றால் புரிந்துகொள்வார். பீடோங் - செமெலிங் சாலையில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. அங்கே விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் பொதுமக்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். கிளினிக் நேரத்தையும் கட்டணத்தையும் முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவர் தேய்மானத்தைப் பார்ப்பார், கன்னத்துத் தசைகளை அழுத்திப் பார்ப்பார், உடைந்த அடைப்புகளைச் சரி செய்வார். கடிப்பது பலமாக இருந்தால் நைட் கார்ட் எனப்படும் பல் கவசம் போடச் சொல்லலாம். வாய்க்கு அச்செடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் செய்வார்கள். இரவில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும்.

இந்தக் கவசத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது பல் கடிக்கும் பழக்கத்தைக் குணப்படுத்தாது. 2007-ல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பழக்கத்துக்குக் கவசம் சிகிச்சையாகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், பல் தேய்மானத்தைத் தடுக்க அது பயன்படக்கூடும் என்றும் முடிவு சொன்னது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் ஹெல்மெட் விபத்தைத் தடுக்காது, ஆனால் தலையைக் காக்கும் அல்லவா? இதுவும் அதுபோலத்தான். பல்லோடு பல் உரசாததால் நறநற சத்தமும் குறையும். பக்கத்தில் படுப்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆன்லைன் கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் சுடுதண்ணீரில் போட்டுக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் மலிவான கவசங்கள் விற்கிறார்கள். சில நாள் சமாளிக்க அவை உதவலாம். ஆனால் சரியாகப் பொருந்தாத கவசத்தை மாதக்கணக்கில் போட்டால் பல் நகரலாம், தாடை வலி கூடலாம். மென்மையான ரப்பர் போன்றவற்றைச் சிலர் இன்னும் அதிகமாக மென்று கடிப்பதும் உண்டு. மருத்துவர் செய்து கொடுத்த கவசத்தைத் தினமும் குளிர்ந்த தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, பெட்டியில் காயவைத்து மூடுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்.

கன்னத் தசையில் ஊசி போட்டுத் தளர்த்தும் போடாக்ஸ் சிகிச்சையும் இருக்கிறது. விலை அதிகம், சில மாதங்களில் அதன் பலன் போய்விடும். மற்ற வழிகள் பலன் தராதபோது நிபுணரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது அது.

பகலில் செய்யக்கூடியவை

வாய் ஓய்வாக இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. அதுதான் இயல்பு நிலை. இப்போதே கவனித்துப் பாருங்கள், உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? 'ன்' என்று சொல்லி, நாக்கின் நுனி மேலே தொட்டபடி நிற்க விடுங்கள். தாடை தானாகத் தளரும். மெஷின் பக்கத்திலோ கைப்பேசியின் பின்புறத்திலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்துக்கொள்ளலாம். பகலில் இறுக்கும் பழக்கம் இதனால் குறையும், தசைக்கும் ஓய்வு கிடைக்கும்.

படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே கோப்பியையும் தேநீரையும் நிறுத்துங்கள். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர் அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். தாடை வலித்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். வலி இருக்கும் நாட்களில் சுவிங்கம், பாக்கு, ஐஸ்கட்டி கடிப்பதை விட்டுவிடுங்கள்.

சிறு பிள்ளைகள் பல் கடித்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வளர வளர அது பலருக்குத் தானாக நின்றுவிடும். ஆனால் பிள்ளை தினமும் குறட்டை விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், வகுப்பில் தூங்கி விழுந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

தூக்கத்தில் மூச்சு நின்று திணறினால், வாயைத் திறக்கவோ மூடவோ முடியாமல் தாடை பூட்டிக்கொண்டால், பல் உடைந்து வலி எடுத்தால், புதிய மருந்து தொடங்கிய பிறகு பல் கடிப்பது ஆரம்பித்தால், விழித்திருக்கும்போதும் தாடை கட்டுப்பாடில்லாமல் அசைந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் இரண்டு வாரக் குறிப்போடு பல் கிளினிக்குக்குப் போகலாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தூக்கத்தில் தேய்கிற பல்லுக்காகத் தூங்குகிறவரால் பேச முடியாது. அவருக்காகச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் விழித்திருப்பவர்தான். இன்று இரவு சத்தம் கேட்டால் மணியைப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள், காலையில் மறக்காமல் எழுதி வையுங்கள்.